பிளாக் செய்வதா, பொறுத்துப் போவதா, யாரிடமாவது சொல்வதா?

என் அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு படித்த சமயம். ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அது அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவள் கட்டைவிரல் லேசாக நடுங்கியது. "யாருன்னு எடுத்துப் பாரேன்மா" என்றேன். "வேணாம் அத்தை, அதே ஸ்டிக்கர்தான்" என்றாள்.

பள்ளி விழாவில் வாயைப் பிளந்தபடி அவள் நின்றிருந்த ஒரு நொடியை யாரோ படமெடுத்து, ஸ்டிக்கராக்கி, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் விட்டிருக்கிறார்கள். மூன்று வாரமாக அவள் எதை எழுதினாலும் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர்தான். கணக்கில் சந்தேகம் கேட்டாலும் அதேதான். ஆறேழு பேர் போடுவார்கள், இன்னும் இருபது பேர் சிரிக்கிற முகத்தை வைப்பார்கள், மீதிப் பேர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"அந்தப் போனை இப்படிக் கொடு" என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவளே சொன்னாள்: "அப்பாகிட்ட சொன்னா போனை வாங்கி வெச்சிடுவாரு. அதான் உங்ககிட்ட வந்தேன்."

அன்று ராத்திரி இருவரும் ஒரு தாளை எடுத்து, என்னென்ன செய்யலாம் என்று எழுதிப் பார்த்தோம். பொறுத்துப் போவது, திருப்பிக் கொடுப்பது, பிளாக் செய்வது, குரூப்பை விட்டு விலகுவது, அம்மா அப்பாவிடம் சொல்வது, டீச்சரிடம் போவது. ஒவ்வொன்றிலும் ஒரு நன்மை இருந்தது, ஒரு பயமும் இருந்தது. அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன், வேறு பிள்ளைகளிடமும் பேசினேன். அந்தத் தாளை இப்போது எழுதினால் எப்படி எழுதுவேனோ, அப்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நண்பர்களுக்குள் வருகிற சண்டையும் இதுவும் ஒன்றல்ல. பள்ளிகளில் நடக்கும் கொடுமைப்படுத்தலை 1970களிலேயே ஆராயத் தொடங்கிய டான் ஓல்வேயஸ் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதபடி ஒரு பக்கம் பலம் கூடியிருப்பது. இணையத்தில் இந்த இரண்டாவது அடையாளம் கொஞ்சம் உருமாறிவிடுகிறது. ஒருவன் ஒரே ஒரு முறை போட்ட படத்தை ஐம்பது பேர் பகிர்ந்தால், போட்டவனுக்கு அது ஒரு முறை. பட்டவளுக்கு ஐம்பது முறை. "ஒரு தடவைதானே போட்டான்" என்று பெரியவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் வாயடைத்துப் போவது இதனால்தான்.

இது அரிதாக நடக்கிற விஷயமும் இல்லை. உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 44 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு 2024இல் வந்தது. ஆண் பிள்ளைகளில் 15 சதவீதம், பெண் பிள்ளைகளில் 16 சதவீதம் பேர் இணையச் சீண்டலுக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். 2018இல் இது 12, 13 என்று இருந்தது. 2024இன் கணக்குப்படி ஏறக்குறைய ஆறில் ஒரு பிள்ளை. ஒரு வகுப்பறையை மனதில் ஓட்டிப் பார்த்தால் எத்தனை பேர் என்று தெரியும்.

பொறுத்துப் போவதும் திருப்பிக் கொடுப்பதும்

"கண்டுக்காம விடு, தானா அடங்கிடும்." பெரியவர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். இது முழுத் தப்பும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் வீடியோவுக்குக் கீழே ஏதோ எழுதிவிட்டுப் போகிறார், விளையாட்டில் தோற்ற ஒருவன் திட்டிவிட்டு மறைகிறான் என்றால், பதில் சொல்லாமல் நகர்வதே சரி. அவர்களுக்கு வேண்டியது நம் பதில்தான். அது கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பார்கள்.

ஆனால் தினமும் ஒரே வகுப்பில் முகம் பார்க்கிறவர்கள் செய்வது வேறு. அங்கே பேசாமல் இருப்பதைச் சுற்றியிருப்பவர்கள் "அவளுக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை போல" என்று எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், "கண்டுக்காதே" என்பது வலிக்கக் கூடாது என்று உத்தரவு போடுவது போன்றது. நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய குழுவினரும் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவர், திரையில் வேறு இருவரோடு பந்து எறிந்து விளையாடுவார். சிறிது நேரம் கழித்து அந்த இருவரும் இவருக்குப் பந்தையே தர மாட்டார்கள். அவ்வளவுதான், ஒரு சாதாரண விளையாட்டு. அப்போது மூளையில், உடல்வலியின் வேதனையோடு தொடர்புள்ள ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. பழக்கமே இல்லாத இருவர் பந்து தராததற்கே அப்படி என்றால், கூடப் படிக்கிற முப்பது பேர் பார்த்துச் சிரிப்பதைக் கண்டுகொள்ளாமல் இருக்க ஒரு பதினாலு வயதுப் பிள்ளையால் எப்படி முடியும்?

இங்கே இரண்டு மௌனங்கள் கலந்துவிடுகின்றன. சீண்டுகிறவர்களிடம் பதில் பேசாமல் இருப்பது ஒன்று. நடப்பதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது இன்னொன்று. முதலாவது பல நேரங்களில் புத்திசாலித்தனம். இரண்டாவதுதான் பிள்ளையை உள்ளுக்குள் அரிக்கிறது. "கண்டுக்காதே" என்று நாம் சொல்லும்போது முதலாவதை மனதில் வைத்துச் சொல்கிறோம். பிள்ளையின் காதில் இரண்டாவதாக விழுகிறது.

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோபத்தில் எழுதிய ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுற்றுக்கு விடுவார்கள். மூன்று வாரம் பட்டது மறைந்துபோய், அந்த ஒரு வரிதான் நிற்கும். "நிறுத்து" என்று நேரடியாகச் சொல்வதுகூட நாம் நினைக்கிற அளவுக்குக் கைகொடுப்பதில்லை. அமெரிக்காவில் ஸ்டான் டேவிஸ், சாரிஸ் நிக்சன் இருவரும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் "எது உதவியது, எது நிலைமையைக் கெடுத்தது" என்று கேட்டார்கள். செய்தவரிடமே போய் நிறுத்தச் சொன்னது நிலைமையை மோசமாக்கியது என்று சொன்னவர்கள் நிறைய. கூட இருந்த நண்பர் ஆதரவாக நடந்துகொண்டது உதவியது என்று சொன்னவர்களும் நிறைய. எல்லை தெரியாமல் விளையாடிவிட்ட நெருங்கிய தோழியிடம் வேண்டுமானால் "அதை எடுத்துடு, எனக்குப் பிடிக்கல" என்று ஒரே ஒரு முறை, தனியாகச் சொல்லிப் பார்க்கலாம். கூட்டமாகச் செய்கிறவர்களிடம் அது எடுபடாது.

பொத்தான்கள்

பிளாக், மியூட், ரெஸ்ட்ரிக்ட், ரிப்போர்ட். பிள்ளைகளுக்கு இவை எல்லாம் தெரியும். ஆனால் எதை எப்போது என்பதில் குழப்பம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஆதாரம் எடுத்துவிட வேண்டும். பெயர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட். ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் இன்னொரு போனில் படமெடுப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் புகார் செய்து பிளாக் செய்யும்போது பேச்சையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும். ஆத்திரத்தில் சரி சரி என்று அழுத்திவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எடுத்த படங்களைப் பிள்ளையின் போனிலேயே விட்டுவைக்காமல் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் நடுராத்திரி திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதற்கு ஒரு ஆல்பம் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

பிளாக் என்பது கதவைச் சாத்துவது. தெரியாத ஆளுக்கும் போலிக் கணக்குக்கும் இதுதான் சரி, யோசிக்கவே வேண்டாம். வகுப்புத் தோழரை பிளாக் செய்தால் அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும், அதையே அடுத்த கேலிக்குப் பொருளாக்குவார்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் ஒருவரை பிளாக் செய்தாலும் பொதுவான குரூப்பில் அவர் எழுதுவது வந்துகொண்டேதான் இருக்கும். என் மருமகள் இதைத்தான் முதலில் செய்து பார்த்திருக்கிறாள். நாலு பேரை பிளாக் செய்துவிட்டு நிம்மதியாகப் படுத்தவளுக்கு, காலையில் குரூப்பைத் திறந்தால் அதே நாலு பேர்.

அப்படிப்பட்ட இடத்துக்கு மியூட்டும் ரெஸ்ட்ரிக்ட்டும் பொருந்தும். இன்ஸ்டாகிராம் 2019இல் ரெஸ்ட்ரிக்ட் வசதியைக் கொண்டுவந்ததே, பிளாக் செய்தால் பகை கூடும் என்று பிள்ளைகள் பயப்படுவதைப் பார்த்துத்தான். ரெஸ்ட்ரிக்ட் செய்யப்பட்டவருக்கு அது தெரியாது. அவர் போடுகிற கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், நாம் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அவர் அனுப்பும் மெசேஜை நாம் படித்தோமா என்பதும் அவருக்குத் தெரியாது. பார்ப்பவர்கள் இல்லாமல் போனால் கேலிக்கு உயிர் ஏது? குறையும் உண்டு. அவர் தன் பக்கத்தில், தன் குரூப்பில் போடுவதை இது தடுக்காது.

அதற்கு ரிப்போர்ட் இருக்கிறது. போலிக் கணக்கு, மிரட்டல், அந்தரங்கப் படம் என்றால் தயங்காமல் புகார் செய்ய வேண்டும். வெறும் கேலி ஸ்டிக்கருக்கு நிறுவனத்திடமிருந்து பதில் வரும் என்று காத்திருந்தால் பிள்ளை இன்னும் நொந்துபோகும். வகுப்புக்குள் மட்டும் புரிகிற கிண்டல் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கிண்டலாகவே தெரிவதில்லை.

அந்தரங்கப் படம் என்று சொன்னேன். அதை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரின் அந்தரங்கப் படம் சுற்றுகிறது, அல்லது சுற்றவிடுவேன் என்று மிரட்டுகிறார்கள் என்றால், மேலே சொன்ன ஸ்கிரீன்ஷாட் யோசனை அந்தப் படத்துக்குப் பொருந்தாது. ஆதாரத்துக்காகக்கூட அதைப் பிரதி எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. பல நாடுகளில் வைத்திருப்பதே குற்றம். மிரட்டல் வாசகம், கணக்கின் பெயர் இவை போதும். 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் தேசிய மையம் அதை நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படம் நம் போனைவிட்டு வெளியே போகாது. போனுக்குள்ளேயே அதற்கு ஒரு எண்குறி, கைரேகை மாதிரி, உருவாக்கி அதை மட்டும் அனுப்புகிறது. அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தக் குறியை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். மிரட்டுகிறவருக்குப் பணமோ இன்னொரு படமோ கொடுத்தால் அதோடு விட்டுவிடுவார் என்று நம்பக் கூடாது. காவல்துறைக்குப் போவதில் தாமதமே கூடாத விஷயம் இது. பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது, "தப்பு உன்னுடையது இல்லை, நான் கூட இருக்கிறேன்" என்பதுதான். "ஏன் அனுப்பினே?" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

போனைப் பிடுங்குவது

பெற்றோருக்கு முதலில் தோன்றும் யோசனை இது. எனக்கும் தோன்றியது. வலி வருகிற குழாயை மூடிவிட்டால் வலி நிற்கும் என்ற கணக்கு. கணக்கு தப்பு. பிள்ளை பார்க்காவிட்டாலும் குரூப் ஓடிக்கொண்டுதான் இருக்கும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் வகுப்புக்குள் நுழைவது தெரிந்து நுழைவதைவிடப் பயங்கரம். ஆறுதல் சொல்லும் ஒன்றிரண்டு நண்பர்களும் அதே போனில்தான் இருக்கிறார்கள். தண்டனை யாருக்கு விழுகிறது என்று பாருங்கள்.

ஜானா யுவோனன், எலிஷெவா கிராஸ் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இணையச் சீண்டலைப் பெரியவர்களிடம் சொல்வதில்லை என்றவர்கள் பத்துக்கு ஒன்பது பேர். "நானே சமாளிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்பது அவர்களில் பாதிப் பேர் சொன்ன காரணம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர், பெற்றோருக்குத் தெரிந்தால் இணையத்தைத் தடுத்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். என் மருமகள் சொன்ன அதே வாக்கியம். ஆகவே "போனை வாங்க மாட்டேன்" என்ற வாக்குறுதியை, எதுவும் நடப்பதற்கு முன்பே, சும்மா இருக்கிற ஒரு நாளில் கொடுத்து வைப்பது நல்லது.

ராத்திரி மட்டும் வேறு. படுக்கையில் போன் இருந்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் எல்லாமே இரண்டு மடங்கு வலிக்கும். இரவு பத்து மணிக்குப் போன் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும் என்று பேசி முடிவெடுக்கலாம். வீட்டுப் பெரியவர்களின் போனும் கூடவே அங்கே இருந்தால் அது தண்டனையாகத் தெரியாது.

யாரிடம் சொல்வது

என் தேர்வை இங்கே சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு ஆள், அப்புறம் ஆதாரம், அப்புறம்தான் பொத்தான். ஏனென்றால் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. நடப்பதை நிறுத்துவது ஒன்று, பட்ட மனதைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இலேயே இப்படித்தான் பிரித்தார்கள்: பிரச்சினையை நோக்கிய சமாளிப்பு, உணர்ச்சியை நோக்கிய சமாளிப்பு. பெரியவர்கள் முதலாவதற்குப் பாய்கிறோம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம். பிள்ளைகள் மனதோடு மல்லுக்கட்டிக்கொண்டே நாளைக் கடத்துகிறார்கள், நிறுத்துகிற வேலை அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்து உதவுவது, பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது மட்டுமே.

தோழியிடம் சொல்வது சுலபம். அவளுக்கு அந்த குரூப்பும் தெரியும், விளக்க வேண்டியதில்லை. ஆனால் இருவரும் சேர்ந்து தினமும் மணிக்கணக்கில் "அவ ஏன் அப்படிப் போட்டா, இவ ஏன் லைக் பண்ணினா" என்று அதையே கிளறிக்கொண்டிருந்தால் நட்பு நெருக்கமாகும், மனம் இன்னும் கீழே போகும். அமாண்டா ரோஸ் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பெண் பிள்ளைகளிடம் இது கூடுதல். தோழி ஏதாவது செய்கிறவளாக இருந்தால் விஷயமே வேறு. மருமகளின் தோழி ஒருத்தி, அவள் கணக்கில் சந்தேகம் கேட்டதும் ஸ்டிக்கர்கள் வரிசையாக வந்து விழ, அவற்றுக்கு நடுவே கணக்கைத் தாளில் போட்டுப் படமெடுத்து, "மூணாவது ஸ்டெப்ல மைனஸ் விட்டுட்டே பாரு" என்று எழுதினாள். யாரையும் திட்டவில்லை, ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் இன்னொரு பையனும் பதில் போட்டான்.

பெற்றோரிடம் சொல்வதுதான் கடினம். என் அண்ணனிடம் சொல்ல அவளுக்கு நாலு நாள் ஆனது. நான் முன்கூட்டியே அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: "அவ பேசி முடிக்கிற வரைக்கும் போன் பக்கம் கையை நீட்டாதீங்க." கைகளைக் கட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "இப்ப நான் என்ன செய்யணும்னு நினைக்கிறே?" என்றார். அவள் அழுதது அப்போதுதான்.

பள்ளிக்குப் போவதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இந்த விஷயத்தில் ஒரு ஆசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் "இவளைக் கிண்டல் செய்தது யார், எழுந்திரு" என்றார். நல்ல எண்ணம்தான், அந்த வாரம் முழுக்க அவள் தலை நிமிரவில்லை. போகும்போதே என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும்: பிள்ளையின் பெயர் வராமல் விசாரிக்கட்டும், குரூப் அட்மினிடம் தனியாகப் பேசட்டும், வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளிடம் வேலை செய்யட்டும். ஃபின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி குழுவினர் உருவாக்கி, 2009 முதல் நாடெங்கும் பரவிய 'கிவா' திட்டத்தின் அடிப்படையே அதுதான். சீண்டுகிறவனுக்குத் தைரியம் தருவது பார்த்துச் சிரிக்கிற கூட்டம். அந்தச் சிரிப்பு குறைந்தால் அவன் வேகமும் குறையும்.

மனதை என்ன செய்வது

அழுகையை அடக்குவது, பாட்டுக் கேட்டுத் திசைதிருப்புவது, எழுதுவது, யாரிடமாவது கொட்டுவது. எல்லாமே பிள்ளைகள் தாமாகச் செய்பவைதான். அடக்குவது வெளியே அமைதியாகத் தெரியும்; உள்ளே அந்த உணர்வு குறைவதில்லை என்று ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் சொல்கின்றன. திசைதிருப்புவதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். முதல் சில மணி நேரத்துக்கு, கொதிப்பு அடங்கும்வரை, நடப்பதும் விளையாடுவதும் நல்ல மருந்து. நாள்கணக்கில் அதிலேயே ஒளிந்துகொண்டால்தான் கவலைப்பட வேண்டும்.

கொதிப்பு கொஞ்சம் அடங்கியபின் எழுதச் சொல்வேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் செய்து பார்த்த முறை எளிது: நாலு நாள், நாளுக்குக் கால்மணி நேரம், மனதில் கிடப்பதை யாருக்கும் காட்டப்போவதில்லை என்று எழுதுவது. எழுதிய உடனே மனம் கனக்கலாம், அது இயல்பு. தாளில் எழுதட்டும், போனில் வேண்டாம். தாளை யாரும் ஃபார்வர்ட் செய்ய முடியாது. "எனக்கு என்னவோ போல இருக்கு" என்பதைவிட "எனக்கு அவமானமா இருக்கு, நாளைக்கு அவ முகத்தைப் பார்க்க பயமா இருக்கு" என்று பெயர் சொல்லி எழுதுவது மேல். பெயர் வைத்த உணர்வின் வேகம் சற்றுக் குறைகிறது.

இவை போதாத கட்டம் ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விலகவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, பள்ளிக்குப் போகும் காலையில் வயிற்றுவலி, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போகிறது என்றால் மனநல ஆலோசகரிடம் போக வேண்டும். ஸ்டிக்கர் நின்றுவிட்டதே, இன்னும் ஏன் என்று கேட்கக் கூடாது. காரணம் போன பின்னும் மனச்சோர்வு தங்கிவிடுவது உண்டு. "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சோ, உடம்பில் தானே போட்டுக்கொண்ட காயமோ தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பதில் "ஆமாம்" என்றால் பிள்ளையைத் தனியாக விடாமல், ஆபத்தான பொருள்களைக் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, அவசர உதவியை அழையுங்கள். அந்த நேரத்தில் போனில் யார் என்ன போட்டார்கள் என்ற விசாரணை எதுவும் வேண்டாம், அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.